அறிவுக்கூடங்கள் – 11: ஆய்வேடாக வந்த கவிதை

ஆய்வேடு எழுதினால்தான் மேற்பட்டம் என்ற விதி பெர்லினில் வேர்விட்டது. 1810-இல் வில்ஹெல்ம் ஃபான் ஹம்போல்ட்டின் முயற்சியில் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம் ஆசிரியரின் வேலையையே மாற்றியது. தெரிந்ததைச் சொல்லிக்கொடுப்பதோடு அவர் கடமை முடிவதில்லை. தெரியாததைத் தேடவும் வேண்டும். மாணவரும் அந்தத் தேடலில் கூடவே நடக்க வேண்டும். கண்டதை எழுதி அறிஞர்கள் முன் வைக்க வேண்டும்.

இந்த வழக்கம் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவில் ஊன்றியதைச் சென்ற பகுதி விவரித்தது. 1861-இல் யேல் பல்கலைக்கழகம் மூவருக்கு முனைவர் பட்டம் அளித்தது. அந்நாட்டின் முதல் முனைவர்கள் அவர்களே. 1876-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் ஆராய்ச்சியையே முதல் வேலையாகக் கொண்டு பிறந்தது. அடுத்த கால் நூற்றாண்டில் கல்லூரி வேலைக்கு முனைவர் பட்டம் நுழைவுச்சீட்டாகிவிட்டது. 1903-இல் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் அந்தப் பட்டத்தை ஆக்டோபஸ் என்று சாடிக் கட்டுரை எழுதும் அளவுக்கு அதன் பிடி இறுகியது.

அந்த விதிக்குள் ஒரு விசித்திரம் இருந்தது. நாடகத்தைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதியவருக்குப் பட்டம் உண்டு. நாடகம் எழுதியவருக்குக் கிடையாது. இசையமைப்பாளரின் வாழ்க்கையை ஆராய்ந்தவர் முனைவர் ஆகலாம். இசையமைத்தவர் ஆக முடியாது. படைப்பு என்பது ஆராயப்பட வேண்டிய பொருள். அது ஆய்வுக்கு ஈடாகாது.

இந்த வேலி 1922-இல் விழுந்தது. விழுந்த இடம் ஹார்வர்டு அல்ல, யேலும் அல்ல. சோளமும் பன்றிப் பண்ணைகளும் நிறைந்த அயோவா மாநிலம்.

சோளக்காட்டில் ஒரு வளாகம்

அயோவா 1846 டிசம்பர் 28-இல் அமெரிக்க ஒன்றியத்தில் மாநிலமாகச் சேர்ந்தது. இரண்டு மாதம் முடிவதற்குள், 1847 பிப்ரவரி 25-இல், பல்கலைக்கழகத்துக்கான சட்டம் நிறைவேறியது. அரசு இயந்திரமே முழுதாக அமையாத மாநிலம் முதலில் செய்த வேலைகளில் ஒன்று அது. 1855 முதல் ஆண்களும் பெண்களும் சம உரிமையோடு அங்கே படித்தார்கள். அமெரிக்காவின் அரசுப் பல்கலைக்கழகங்களில் அந்த வகையில் அதுவே முன்னோடி.

மாநிலத் தலைநகரம் டிமாயினுக்கு மாறியபோது, அயோவா சிட்டியில் இருந்த பழைய தலைமைச் செயலகக் கட்டடம் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. பொன் முலாம் பூசிய குவிமாடத்தோடு அது இன்றும் வளாகத்தின் நடுவே நிற்கிறது.

பதிப்பகங்கள் நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் இருந்தன. எழுத விரும்பிய மத்திய மேற்கு இளைஞர்கள் ஊரைவிட்டுப் போவதே வழக்கம். அந்தப் போக்குக்கு எதிராக அயோவாவில் சில முயற்சிகள் முன்பே தொடங்கியிருந்தன. 1897-இல் ஜார்ஜ் கிராம் குக் செய்யுள் இயற்றக் கற்றுத்தரும் வகுப்பு ஒன்றை அங்கே நடத்தினார். பிற்காலத்தில் யூஜின் ஓ'நீலின் நாடகங்களை முதலில் மேடையேற்றிய பிராவின்ஸ்டவுன் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர் இதே குக். 1915-இல் ஜான் ஃபிரெடரிக் என்பவர் 'தி மிட்லண்ட்' என்ற இலக்கிய இதழை அயோவா சிட்டியிலிருந்து கொண்டுவந்தார். எட்வின் ஃபோர்டு பைப்பர் என்ற கவிஞர் ஆங்கிலத் துறையில் மாணவர்களின் எழுத்தை வாரந்தோறும் படித்துத் திருத்திக் கொண்டிருந்தார்.

ஆர்வம் இருந்தது, வகுப்பும் இருந்தது. பட்டம் மட்டும் இல்லை. அதை மாற்றியவர் கவிஞரும் அல்ல, ஓவியரும் அல்ல. ஓர் ஆய்வுக்கூட உளவியலாளர்.

சுருதியை அளந்தவர்

கார்ல் எமில் சீஷோர் 1866-இல் ஸ்வீடனில் பிறந்தவர். குழந்தையாக இருந்தபோதே குடும்பம் அயோவாவில் குடியேறி நிலம் உழுதது. பண்ணையில் வளர்ந்த பையன் 1895-இல் யேலில் உளவியல் முனைவர் பட்டம் பெற்றார். 1897-இல் அயோவா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1908-இல் பட்டமேற்படிப்புப் பிரிவின் டீன் ஆனார். 1936 வரை அந்த நாற்காலி அவருடையது.

அவருடைய ஆராய்ச்சிப் பொருள் இசை. காது எதைக் கேட்கிறது, எவ்வளவு நுட்பமாகக் கேட்கிறது என்பதை எண்ணால் சொல்ல முடியும் என்று அவர் நம்பினார். அதற்கென ஒரு கருவியையும் அமைத்தார். சுழலும் உருளையின்மேல் வரிசை வரிசையாகப் புள்ளிகள். ஒருவர் பாடும்போது அவர் குரலின் அதிர்வுக்கேற்ப ஒரு விளக்கு மினுங்கும். பாடிய சுருதிக்கு ஒத்துவரும் வரிசை மட்டும் அசையாமல் நிற்பதுபோல் தெரியும், மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். பாடகர் எவ்வளவு விலகினார் என்பதை அந்த வரிசையைப் பார்த்தே படித்துவிடலாம்.

1919-இல் அவர் வெளியிட்ட இசைத் திறன் சோதனைகள் கிராமஃபோன் தட்டுகளாக வந்தன. தட்டில் இரண்டு ஒலிகள் அடுத்தடுத்துக் கேட்கும். இரண்டாவது ஒலி முதலாவதைவிட மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? மாணவர் தாளில் குறிக்க வேண்டும். போகப்போக இரண்டுக்கும் உள்ள இடைவெளி குறைந்துகொண்டே வரும். கடைசியில் தேர்ந்த காதுகூடத் தடுமாறும். ஒலியின் வலிமை, கால அளவு, இசைவு, நினைவில் நிற்கும் தன்மை ஆகியவற்றுக்கும் தனித்தனித் தட்டுகள் இருந்தன. அமெரிக்கப் பள்ளிகள் இசை கற்கத் தகுந்த பிள்ளைகளைக் கண்டறிய அவற்றைப் பயன்படுத்தின.

எதிர்ப்பும் வந்தது. காது நுட்பமாக இருப்பது வேறு, இசைஞராக இருப்பது வேறு என்று ஜேம்ஸ் மர்செல் போன்ற இசைக்கல்வியாளர்கள் வாதிட்டார்கள். சீஷோர் பின்வாங்கவில்லை.

எல்லாவற்றையும் அளக்க முடியும் என்று நம்பிய இந்த மனிதர்தான், அளக்கவே முடியாத ஒன்றுக்குப் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்தார்.

1922

அறிவிப்பு எளிமையானது. மேற்பட்டத்துக்கான ஆய்வேட்டின் இடத்தில் படைப்பையும் ஏற்கலாம் என்றார் டீன் சீஷோர். கவிதைத் தொகுப்பு, நாடகம், இசைக்கோவை, ஓவியம், சிற்பம் எதுவும் அந்த இடத்தில் வரலாம். அமெரிக்காவில் இப்படி ஒரு விதியை ஏற்ற முதல் பல்கலைக்கழகம் அயோவா.

ஓர் உளவியலாளர் இதை ஏன் செய்தார்? காரணங்கள் அவருடைய வேலையிலேயே இருந்தன.

முதலாவது, திறமை மிகுந்த மாணவர் பற்றிய அவருடைய அக்கறை. எல்லாரையும் ஒரே வேகத்தில் நடத்தும் கல்வி திறமைசாலிகளை வீணாக்குகிறது என்று அவர் ஓயாமல் பேசிவந்தார். இசைத்திறன் மிக்க மாணவரை இசையமைக்க விடாமல் இசை வரலாறு எழுதச் சொல்வது அந்த வீணடிப்பின் இன்னொரு வடிவம்.

இரண்டாவது, துறைகளுக்கிடையே இருந்த சுவர். இசையை இயற்பியலாளரும் உளவியலாளரும் இசைஞரும் சேர்ந்து ஆராய வேண்டும் என்பது அவர் கொள்கை. சேர்ந்து ஆராய வேண்டுமானால் இசைஞரும் மற்றவர்களுக்குச் சமமான தகுதியோடு வளாகத்தில் இருக்க வேண்டும். இசையமைப்பாளர் ஃபிலிப் கிரீலி கிளாப் 1919-இலேயே இசைப் பிரிவின் பொறுப்பை ஏற்றிருந்தார். நாடகத்துக்கு எட்வர்டு மேபி வந்துசேர்ந்தார். கலைஞர்கள் வளாகத்துக்குள் வந்தாயிற்று. அவர்களிடம் படிப்பவர்களுக்கு எந்தப் பட்டம் என்ற கேள்வி வந்தே தீரும்.

மூன்றாவது, தொலைவு. ஹார்வர்டும் யேலும் பழைய மரபைக் காக்க வேண்டிய கட்டாயத்தில் இருந்தன. அயோவாவுக்கு இழக்க எதுவும் இல்லை.

விதி எதை ஏற்கலாம் என்று சொன்னது. யார் மதிப்பிடுவது, எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்று சொல்லவில்லை. அடுத்த அரை நூற்றாண்டில் அயோவாவில் நடந்த சண்டைகளெல்லாம் இந்த இடைவெளியிலிருந்து முளைத்தவை.

முதல் ஏடுகள்

விதி வந்ததும் கூட்டம் மொய்க்கவில்லை. 1924-இல் ஈவ் ட்ரூலோ என்ற இளம்பெண் ஓவியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். அயோவாவில் ஓவியப் பயிற்சிக்கு அப்படியொரு பட்டம் பெற்ற முதல் ஆள் அவர். கவிஞர்களுக்கு இன்னும் ஏழு ஆண்டுகள் ஆயின. 1931-இல் மேரி ஹூவர் ராபர்ட்ஸின் கவிதைத் தொகுப்பு ஆய்வேடாக ஏற்கப்பட்டது.

1932-இல் இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். ஒருவர் அயோவாவின் சீடர் ரேப்பிட்ஸ் நகரில் பிறந்த பால் எங்கிள். அவர் ஆய்வேடாகக் கொடுத்த கவிதைகள் இளம் கவிஞர்களுக்கான யேல் தொடரில் தேர்வாகி அதே ஆண்டு நூலாயின. பல்கலைக்கழக நூலக அலமாரியில் தட்டச்சுப் படியாகத் தூசி படிய வேண்டிய ஏடு, கடைகளில் விற்பனைக்கு வந்தது. விதியைச் சந்தேகித்தவர்களுக்கு அதைவிடப் பெரிய பதில் தேவைப்படவில்லை.

இன்னொருவர் வாலஸ் ஸ்டெக்னர். மூன்று சிறுகதைகளைக் கொடுத்து முதுகலைப் பட்டம் வாங்கினார். ஆனால் முனைவர் பட்டத்துக்கு அவர் கதை எழுதவில்லை. கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளரின் எழுத்துகளை ஆராய்ந்தார். பொருளாதாரப் பெருமந்தம் நாட்டை அழுத்திக்கொண்டிருந்த காலம் அது. கதைகளை நம்பி வேலை தேட முடியாது என்று ஆசிரியரே அவருக்கு எடுத்துச் சொன்னார். விதி மாறியிருந்தாலும் வேலைச் சந்தை மாறவில்லை.

ஒரே கூரையின் கீழ்

அந்த அறிவுரையைச் சொன்ன ஆசிரியர் நார்மன் ஃபோர்ஸ்டர். 1930-இல் இலக்கியப் பள்ளியின் இயக்குநராக அயோவாவுக்கு வந்தவர். கண்டிப்பானவர், பழைய இலக்கியங்களில் ஊறியவர். சொல்லாராய்ச்சியும் சுவடி ஒப்பீடும் மட்டுமே இலக்கியப் படிப்பாகிவிட்டதைக் கண்டு மனம் கசந்தவர்.

ஃபோர்ஸ்டர் போட்ட திட்டத்தில் மொழியாராய்ச்சி, இலக்கிய வரலாறு, திறனாய்வு, படைப்பு நான்கும் சம நிலையில் நின்றன. திறனாய்வாளர் கொஞ்சமாவது எழுதிப் பழக வேண்டும்; எழுத்தாளர் கொஞ்சமாவது ஆராயப் பழக வேண்டும். அவருடைய அழைப்பில் ஆஸ்டின் வாரன் வந்தார். ஐரோப்பாவில் போர் மூண்ட 1939-இல் ரெனே வெல்லக் வந்தார். இருவரும் அயோவாவில் சந்தித்துத் திட்டமிட்ட 'இலக்கியக் கோட்பாடு' 1949-இல் வெளியாகி, உலகெங்கும் இலக்கிய மாணவர்களின் பாடநூல் ஆயிற்று.

இந்தச் சூழலில் உருவான வினோதமான மனிதர் வில்பர் ஷ்ராம். கடுமையான திக்குவாய். பேச்சுக் குறைபாடுகளை ஆராய்வதில் அயோவா பெயர்பெற்றிருந்ததால் சிகிச்சை தேடி அங்கே வந்தார். 1932-இல் ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு உளவியலாளர்களோடு சேர்ந்து பரிசோதனைகள் செய்தார். சிறுகதை எழுதி 1942-இல் ஓ. ஹென்றி பரிசும் பெற்றார்.

சிதறிக் கிடந்த எழுத்து வகுப்புகள் 1936-இல் ஷ்ராமின் தலைமையில் ஒன்றாயின. 1939-இல் பல்கலைக்கழகக் கையேட்டில் அதற்கு 'எழுத்தாளர் பட்டறை' என்ற பெயர் ஏறியது. போர்க்காலத்தில் வாஷிங்டனில் அரசின் பிரசார வேலைக்குப் போய்த் திரும்பிய ஷ்ராம், இதழியல் பள்ளியின் பொறுப்பேற்று, வெகுசனத் தொடர்பியலில் முனைவர் படிப்பை வடிவமைத்தார். பட்டறையைத் தொடங்கிய அதே மனிதரைத் தொடர்பியல் தன் நிறுவனர்களில் ஒருவராகக் கொள்கிறது.

பட்டம் இல்லாத பேராசிரியர்

ஓவியத் துறையில் காற்று வேறு திசையில் அடித்தது.

1934-இல் கிராண்ட் வுட் ஆசிரியராக வந்தார். வைக்கோல் முள் பிடித்த முதியவரும் அருகே ஒரு பெண்ணும் நிற்கும் 'அமெரிக்கன் காத்திக்' ஓவியம் 1930-இல் வெளியானதிலிருந்து நாடே அறிந்த பெயர் அவருடையது. அவரிடம் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லை. மத்திய மேற்கின் வயல்களையும் மனிதர்களையும் வரைவதே அமெரிக்கக் கலைக்கு வழி என்பது அவர் கட்சி.

1936-இல் துறைத் தலைவராக வந்த லெஸ்டர் லாங்மன் கலை வரலாற்றில் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் பெற்றவர். ஐரோப்பாவின் நவீன ஓவியத்தில் நம்பிக்கை கொண்டவர். ஓவியரும் கலை வரலாற்றாளரும் ஒரே துறையில் படிக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் பகையில்லை. எது நல்ல ஓவியம் என்பதில்தான் பகை.

வுட் புகைப்படங்களை வைத்து வரைகிறார், மாணவர்களைத் தன் பாணிக்குள் அடைக்கிறார் என்று லாங்மன் தரப்பு குறை சொன்னது. படம் வரையத் தெரியாதவர் ஓவியரை மதிப்பிடுவதா என்று வுட் தரப்பு கேட்டது. 1940-இல் விவகாரம் 'டைம்' இதழின் காதுவரை எட்டியது. பல்கலைக்கழக நிர்வாகம் அமைதிப்படுத்த ஓடியது. வுட் விடுப்பில் போனார். துறைத் தலைவரின் பிடிக்கு வெளியே தனிப் பதவி கொடுத்து அவரைத் திருப்பி அழைக்க 1941-இல் ஏற்பாடாயிற்று. ஆனால் புற்றுநோய் முந்திக்கொண்டது. 1942 பிப்ரவரி 12-இல், 51 வயது நிறைவதற்கு ஒரு நாள் முன், வுட் இறந்தார்.

1922-இன் விதி விட்டுவைத்த இடைவெளி இந்தச் சண்டையில் அப்பட்டமாகத் தெரிந்தது. படைப்பை ஆய்வுக்குச் சமம் என்று பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. படைப்பாளியை அறிஞருக்குச் சமமான நடுவராக அது இன்னும் ஏற்கவில்லை.

சுண்ணக்கல்லில் ஒரு தாய்

அந்தச் சண்டையின் நடுவே வுட்டின் மாணவி ஒருவர் கல் செதுக்கிக்கொண்டிருந்தார்.

எலிசபெத் கேட்லெட் வாஷிங்டனில் பிறந்த கறுப்பினப் பெண். கார்னகி தொழில்நுட்பக் கல்லூரி அவரை நிறத்தைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுத்தது. ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அயோவாவுக்கு வந்தார். உனக்கு நன்றாகத் தெரிந்ததையே படைக்க வேண்டும் என்று வுட் மாணவர்களுக்குச் சொல்லிவந்தார். கேட்லெட் தெரிந்துகொண்டிருந்தது தன் இனத்துப் பெண்களை.

சுண்ணக்கல்லில் ஒரு தாயும் அவள் மார்போடு ஒட்டிய குழந்தையும். உடல்கள் உருண்டு திரண்டவை; அணிகலன் இல்லை, அலங்காரம் இல்லை. சிற்பத்தோடு ஓர் எழுத்துப் பகுதியையும் அவர் சமர்ப்பித்தார். கல்லை எப்படித் தேர்ந்தது, எப்படிச் செதுக்கியது, தாய்மை என்ற பொருளை ஏன் எடுத்தது என்பதெல்லாம் அதில் இருந்தன. 1940-இல் அயோவா முதன்முறையாக வழங்கிய நுண்கலை முதுவர் பட்டம், எம்.எஃப்.ஏ., பெற்ற சிலரில் அவர் ஒருவர். அந்தச் சிற்பம் அதே ஆண்டு சிகாகோவில் நடந்த கறுப்பினத்தவர் கண்காட்சியில் சிற்பத்துக்கான முதற்பரிசு பெற்றது.

பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் விடுதியில் இடம் கொடுக்கவில்லை. கறுப்பின மாணவர்களுக்கு அதன் விடுதிகள் 1946-இல்தான் திறந்தன. கேட்லெட் ஊருக்குள் அறை எடுத்துத் தங்கினார். அவரோடு அறையைப் பகிர்ந்தவர்களில் ஒருவர் மார்கரெட் வாக்கர் என்ற கவிஞர். வாக்கர் 1940-இல் ஆய்வேடாகக் கொடுத்த கவிதைகள் 1942-இல் யேல் தொடரில் நூலாயின. அந்தத் தொடரில் தேர்வான முதல் கறுப்பினப் பெண் அவர். இருபத்துச் சொச்சம் ஆண்டுகள் கழித்து அதே அயோவாவுக்குத் திரும்பி, தன் கொள்ளுப்பாட்டியின் அடிமை வாழ்வை 'ஜூபிலி' என்ற நாவலாக எழுதி, அதையே முனைவர் பட்ட ஆய்வேடாகக் கொடுத்தார். 1965-இல் பட்டம், 1966-இல் நூல்.

2017-இல் அயோவா பல்கலைக்கழகம் புதிய மாணவர் விடுதி ஒன்றைத் திறந்து அதற்குக் கேட்லெட்டின் பெயரைச் சூட்டியது.

ஆற்றங்கரைக் கொட்டகைகள்

1944-இன் படைவீரர் சட்டம் போரிலிருந்து திரும்பியவர்களுக்குக் கல்லூரிக் கட்டணம் கொடுத்தது. வளாகங்கள் நிரம்பி வழிந்தன. இடம் போதாமல் அயோவா ஆற்றங்கரையில் ராணுவத் தகரக் கொட்டகைகள் முளைத்தன. எழுத்தாளர் பட்டறை அவற்றில்தான் நடந்தது. தலைமையில் பால் எங்கிள். 1940-களின் தொடக்கத்தில் பொறுப்பேற்றவர் 1965 வரை அதை நடத்தினார்.

யார் மதிப்பிடுவது என்ற பழைய கேள்விக்கு அந்தக் கொட்டகைகளில் ஒரு நடைமுறைப் பதில் கிடைத்தது. மாணவரின் கதையோ கவிதையோ படியெடுக்கப்பட்டு முன்கூட்டியே எல்லார் கைக்கும் போகும். குறித்த நாளில் வட்டமாக உட்கார்வார்கள். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் வரிவரியாகப் பிரிப்பார்கள்: எந்த இடத்தில் கதை தொய்கிறது, எந்தச் சொல் பொய்யாக ஒலிக்கிறது, எந்தப் பாத்திரம் காரணமின்றி நடக்கிறது. ஆசிரியர் கடைசியில் பேசுவார். நடுவர் ஒருவர் அல்லர். எழுதுகிற சக மாணவர்களின் மேசையே நடுவர். ஆய்வுக்கூடக் கருத்தரங்கு ஒன்றில் சோதனை முடிவை அலசுவதைப்போன்ற இந்த முறை, பின்னர் உலகெங்கும் எழுத்து வகுப்புகளின் பொது வழக்கமாயிற்று.

1945-இல் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து இதழியல் படிக்க வந்த ஓர் இளம்பெண் எங்கிளின் அறைக்குள் நுழைந்தார். அவருடைய தென்மாநிலப் பேச்சு எங்கிளுக்குப் பிடிபடவில்லை. தாளில் எழுதிக் காட்டச் சொன்னார். தான் இதழாளர் அல்ல, பட்டறையில் சேரலாமா என்று அந்தப் பெண் எழுதினார். ஃபிளானரி ஓ'கானரின் சேர்க்கை இப்படி நடந்தது. வகுப்பில் அவர் அதிகம் பேசியதில்லை. 1947-இல் ஆறு கதைகள் கொண்ட தொகுப்பை ஆய்வேடாகக் கொடுத்துப் பட்டம் பெற்றார். அங்கே தொடங்கிய நாவல் 1952-இல் 'வைஸ் பிளட்' என்ற பெயரில் வந்தது.

படித்து முடித்தவர்கள் பட்டறையை வேறு ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். 1946-இல் ஸ்டான்ஃபோர்டில் எழுத்துப் படிப்பைத் தொடங்கியவர், நிலவியலாளரை ஆராய்ந்து முனைவரான அதே ஸ்டெக்னர்.

சுவரோவியமும் செயற்கைக்கோளும்

1951-இல் அயோவாவுக்கு இரண்டு வரவுகள்.

ஒன்று, ஓர் ஓவியம். கலைப்பொருள் சேகரிப்பாளர் பெகி கூகன்ஹைம் தன் நியூயார்க் வீட்டுக்காக 1943-இல் ஜாக்சன் பொல்லாக்கிடம் வரையச் சொன்ன 'மியூரல்'. எட்டு அடி உயரம், இருபது அடி அகலம். கூகன்ஹைம் அதைப் பல்கலைக்கழகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். வாங்கிக்கொண்டவர் லாங்மன். கிராண்ட் வுட் வயல்களை வரையக் கற்றுக்கொடுத்த துறையில், உருவமே பிடிபடாத அந்த மாபெரும் துணி மாட்டப்பட்டது.

இன்னொன்று, ஒரு மனிதர். 1939-இல் அயோவாவிலேயே இயற்பியல் முனைவரான ஜேம்ஸ் வான் ஆலன், இயற்பியல் துறைத் தலைவராகத் திரும்பி வந்தார். துறையின் நிலவறையில் அவரும் மாணவர்களும் கதிர்வீச்சை எண்ணும் கருவிகளைக் கையால் கோத்தார்கள். 1958 ஜனவரி 31-இல் ஏவப்பட்ட அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோள் எக்ஸ்ப்ளோரர் 1, அயோவாவில் உருவான கைகர் எண்ணியைச் சுமந்து சென்றது.

உயரம் கூடியதும் எண்ணி சுழியம் காட்டியது. கருவி பழுதா? அயோவாவின் மாணவர் ஒருவர் அதேபோன்ற எண்ணியை எக்ஸ்-கதிர் இயந்திரத்தின் முன் வைத்துப் பார்த்தார். கதிர்வீச்சு அளவுமீறும்போது எண்ணி திணறி நின்றுவிடுகிறது. விண்வெளியில் கதிர்வீச்சு இல்லாததால் வந்த சுழியம் அல்ல அது. மிதமிஞ்சி இருந்ததால் வந்தது. பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சுப் பட்டைகள் இப்படிக் கண்டறியப்பட்டு, 1958 மே 1-இல் அறிவிக்கப்பட்டன. இன்று அவை வான் ஆலன் பட்டைகள்.

நாவலும் சிற்பமும் விண்வெளிக் கண்டுபிடிப்பும் ஒரே பட்டமேற்படிப்புப் பிரிவின் கீழ், ஒரே நூலகத்தில் பதிவாகும் ஏடுகளாக இருந்தன. வான் ஆலனின் மாணவர் எண்ணியின் அளவைத் திரும்பச் சோதித்து உறுதிசெய்ய முடியும். ஓ'கானரின் கதையை அப்படிச் சோதிக்க முடியாது. ஆனால் இரண்டிலும் அதற்குமுன் இல்லாத ஒன்று இருந்தது. சீஷோரின் விதி கேட்டது அதை மட்டும்தான்.

ஆய்வேடு வேண்டாம்

1965-இல் பட்டறையின் பொறுப்பை விட்ட எங்கிள் ஓய்வெடுக்கவில்லை. சீனாவில் பிறந்து தைவான் வழியாக அயோவாவுக்கு வந்த எழுத்தாளர் ஹுவாலிங் நியே ஒரு யோசனை சொன்னார். அமெரிக்க இளைஞர்களோடு நிறுத்துவானேன்? உலகத்து எழுத்தாளர்களையும் அழைத்தால் என்ன?

1967-இல் பன்னாட்டு எழுத்துத் திட்டம் தொடங்கியது. ஏற்கெனவே எழுதிப் பெயர் பெற்றவர்கள் சில மாதங்கள் அயோவா சிட்டியில் தங்குவார்கள். எழுதலாம், பேசலாம், மொழிபெயர்க்கலாம், சும்மாவும் இருக்கலாம். தேர்வு கிடையாது, பட்டம் கிடையாது. கவிதையை ஆய்வேடாக ஏற்ற முதல் பல்கலைக்கழகம், எழுத்தாளரிடம் ஆய்வேடே கேட்காத இடத்துக்கு 45 ஆண்டுகளில் வந்துசேர்ந்தது.

ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா, கிழக்கு ஐரோப்பா என்று எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்தார்கள். சென்னையிலிருந்து 1973-இல் வந்தவர் அசோகமித்திரன். அந்த மாதங்களின் அனுபவம் அவருடைய 'ஒற்றன்' நாவலாயிற்று. குளிரும் தனிமையும் அந்நிய உணவும், ஒருவர் மொழி ஒருவருக்குப் புரியாத எழுத்தாளர்களின் கூட்டமும் அதில் நிறைந்திருக்கின்றன. அயோவா திட்டத்தின் உள்வாழ்வைத் தமிழில் காட்டும் நூல் அது.

இத்தனை பேருக்கும் விமானச் சீட்டு, தங்குமிடம், மாதப்படி. ஒரு வேளாண் மாநிலத்தின் வரிப்பணம் அதற்குப் போதாது. எங்கிள் தொழில் நிறுவனங்களின் கதவைத் தட்டினார், அறக்கட்டளைகளுக்கு எழுதினார், அமெரிக்க வெளியுறவுத் துறையின் உதவியைப் பெற்றார். நன்கொடை தந்தவற்றில் ஃபார்ஃபீல்ட் அறக்கட்டளையும் ஒன்று. அது அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.யின் பணம் பாயும் வாய்க்கால் என்பது 1967-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியே வந்தது.

எது படைப்பு, யார் நடுவர் என்ற கேள்விகளுக்கு அயோவா ஏதோ ஒரு வகையில் பதில் கண்டிருந்தது. மூன்றாவது கேள்வி அதற்குள் எழுந்துவிட்டது. பனிப்போர்க் காலத்தில் உலக எழுத்தாளர்களை வரவழைக்கப் பணம் கொடுத்தவர்கள் கைம்மாறாக எதை எதிர்பார்த்தார்கள்? அந்த எதிர்பார்ப்பு எழுத்துக்குள் நுழைந்ததா, இல்லை எழுத்தாளர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு தம் போக்கில் எழுதிவிட்டுப் போனார்களா?

(அடுத்த வாரம்: பனிப்போரின் பணப்பை)